மலையூருக்குக் குடிபோகுமுன்



குன்று இருக்கும் இடமெல்லாம் குமரன் இருக்கும் இடம் என்று சொல்லிக் கைகூப்புகிறவர்கள் நாம். குறிஞ்சி நிலத்தின் அருவியையும் தேனையும் தினைப்புனத்தையும் நம் முன்னோர் பாடிச் சலிக்கவில்லை. ஆயினும் நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் வந்து, "நான் மலையிலே போய்க் குடியிருக்கப் போகிறேன்" என்று சொன்னால் மட்டும் நமக்குத் திகைப்பு உண்டாகிவிடுகிறது. தெய்வம் குடியேறலாம், பிள்ளை குடியேறக் கூடாது!

சென்ற மாதம் நமக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் நமது சங்கத்தின் பழைய அன்பர். டில்லியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குடித்தனம் நடத்தி, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய ஒரே குமாரர் சிம்லாவுக்கு மாற்றல் வாங்கியிருக்கிறார். அதுவும் தாமாகவே விரும்பிக் கேட்டு வாங்கியிருக்கிறார். மருமகள் கணிப்பொறி நிறுவனம் ஒன்றில் வீட்டிலிருந்தபடியே பணி செய்பவர். இருவருக்கும் மலை ஏறுவதில் அளவு கடந்த ஈடுபாடு. விடுமுறை கிடைத்தால் மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார்களாம். ஆறு வயதில் ஒரு பேத்தி இருக்கிறாள். அன்பரின் துணைவியாருக்கு நெடுநாளாக மூச்சிரைப்பு உண்டு.

"நல்ல ஊரை விட்டுவிட்டுப் பனியிலே போய் விழுவானேன்? இதைத் தடுப்பதா, அல்லது நாங்களும் உடன் புறப்பட்டுவிடுவதா? இரவில் உறக்கம் வரவில்லை" என்று அவர் எழுதியிருக்கிறார்.

நமது விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தடுக்க வேண்டாம். உடன் புறப்படவும் வேண்டாம். இரண்டுக்கும் காரணம் உண்டு. நாமும் அவ்வூரில் மூன்று குளிர்காலங்கள் கழித்தவர்கள். அறியாமையால் சிலவற்றைப் பட்டும் தெரிந்துகொண்டவர்கள். அதனால் இதில் சற்று விரிவாகவே எழுதத் துணிகிறோம். டார்ஜிலிங்குக்கோ ஷில்லாங்குக்கோ மசூரிக்கோ போகவிருக்கும் குடும்பங்களுக்கும் இது பயன்படக்கூடும்.

சிம்லா கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். 1864-ஆம் ஆண்டு முதல் அது ஆங்கிலேய அரசாங்கத்தின் கோடைத் தலைநகரமாக இருந்தது. கோடை வந்தால் அதிகாரிகளும் குமாஸ்தாக்களும் காகிதக் கட்டுகளுமாக அரசாங்கமே மலையேறும். குளிர் வந்தால் இறங்கும். கால்காவிலிருந்து செல்லும் 96 கிலோமீட்டர் நீளமுள்ள குறுகிய இருப்புப் பாதை 1903-இல் திறக்கப்பட்டது. கால்காவில் 656 மீட்டர் உயரத்தில் புறப்படும் வண்டி, நூற்றுக்கும் மேற்பட்ட சுரங்கங்களைக் கடந்து, 2,076 மீட்டர் உயரத்திலுள்ள சிம்லா நிலையத்தை அடைகிறது. நமது நீலகிரி ரயிலுக்கு 2005-இல் கிடைத்த உலகப் பாரம்பரியச் சிறப்பு, இப்பாதைக்கு 2008-இல் கிடைத்தது. வைசிராய்கள் வாழ்ந்த மாளிகையில் உயர் ஆராய்ச்சிக் கழகம் ஒன்று நடைபெறுகிறது. 1965-இல் அதனைத் தொடங்கி வைத்தவர், திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன். 1956-இல் பாட்னாவிலிருந்து அங்கே இடம் மாறிய மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையமும், 1970-இல் ஏற்பட்ட பல்கலைக் கழகமும், தணிக்கைத் துறையின் பயிற்சிக் கழகமும் அவ்வூரில் உண்டு. ஆகவே உத்தியோகத்தை முன்னிட்டு நம்மவர் அங்கே போவது புதுமையன்று. உல்லாசத்திற்காகவும் போவதுதான் புதுமை. அதையும் நாம் குறை கூறவில்லை. நகரத்தின் புகையை மூச்சாக இழுத்து வளரும் குழந்தைக்குத் தேவதாரு மரத்தின் காற்று கிடைப்பதை யார்தான் வேண்டாம் என்பார்கள்?

ஆனால் விருந்தாளியாகப் போய் வருவது வேறு. வீடு பிடித்து வாழ்வது வேறு. இந்த வேற்றுமையை நாம் எப்படிக் கற்றோம் என்பதைச் சொல்கிறோம்.

நாம் அங்கே வீடு பார்த்தது மே மாதத்தில். வெயிலுக்கு அஞ்சி ஓடிவந்தவர்களுக்கு எந்த வீடுதான் பிடிக்காது? ஒரு வீட்டின் முன்னறைச் சாளரத்தைத் திறந்ததும் தொலைவில் வெண்பனிச் சிகரங்கள் வரிசையாகத் தெரிந்தன. "இதற்கே வாடகை கொடுக்கலாம்" என்று மகிழ்ந்து, முன்பணத்தைக் கொடுத்துவிட்டோம். பனிச் சிகரங்கள் வடக்கே இருக்கின்றன. அவற்றைப் பார்த்த வீடு வடக்குச் சரிவில் இருக்கும். வடக்குச் சரிவில் குளிர்காலத்துச் சூரியன் எட்டிப் பார்ப்பதில்லை. இந்த எளிய கணக்கு நமக்கு அப்போது தோன்றவில்லை. வீட்டுக்காரரும் சொல்லவில்லை.

நவம்பர் கடைசியில் வெயில் எம்மிடம் விடைபெற்றுக்கொண்டது. துவைத்த துணி நான்கு நாளாயும் உலரவில்லை. சுவரில் பாசி பூத்தது. எதிர்ச்சரிவில் உள்ளவர்கள் முற்றத்தில் பாய் விரித்து, பட்டாணி உரித்துக்கொண்டு வெயில் காய்வதை நாம் கம்பளிக்குள் ஒடுங்கியபடி பார்த்துக்கொண்டிருந்தோம். அவ்வூரின் லக்கட் பஜாரில் 1920-இல் தொடங்கப்பட்ட பனிச்சறுக்கு மைதானம் ஒன்று உண்டு. மாலையில் தரையில் தண்ணீர் தெளித்து வைப்பார்கள். இரவுக் குளிரில் அது தானே உறைந்து, காலையில் சறுக்குவதற்கு ஆயத்தமாகிவிடும். இயந்திரத்தின் உதவியின்றி இது நடந்து வந்ததற்குக் காரணம், ஜாக்கு மலையின் நிழல் அங்கே விழுவதுதான். அதைக் கண்டபோதுதான் நமக்கு உண்மை விளங்கிற்று: மைதானம் உறைவதற்கு எந்த நிழல் காரணமோ, அதே வகை நிழலில்தான் நாம் குழந்தைகளைப் படுக்க வைத்திருந்தோம்!

இனிச் சொல்லப் போவதை வாசகர்கள் கருத்தூன்றிப் படிக்க வேண்டுகிறோம். ஜனவரியில் ஓர் இரவு கடும் பனி பெய்தது. மின்சாரம் நின்றுவிட்டது. அவ்வூரார் "அங்கீட்டி" என்று சொல்லும் கரியடுப்பை மூட்டி, படுக்கையறைக்குள் கொண்டுவந்து வைத்தோம். சூடு வெளியே போகாதிருக்கக் கதவையும் சாளரத்தையும் இறுகச் சாத்தி, இடுக்குகளில் துணியையும் திணித்தோம். புத்திசாலித்தனம் என்றே எண்ணினோம். சிறிது நேரத்தில் இளைய குழந்தைக்குத் தலைவலி, பிறகு வாந்தி. உணவு ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று கருதிச் சுக்குக் கஷாயம் வைத்தோம். நமக்கும் தலை கனத்தது. கஷாயத்திற்குச் சர்க்கரை கேட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியதே அன்று எங்களைக் காத்தது. அந்த மூதாட்டி பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தார். ஒரு சொல்லும் சொல்லாமல் துணிகளைப் பிடுங்கி எறிந்து, சாளரங்களை அகலத் திறந்து, அடுப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். குழந்தையைப் பனிக்காற்றிலே கொண்டுபோய் நிறுத்தினார். "மகனே, அடுப்பு உள்ளே இருந்தால் சாளரம் திறந்திருக்க வேண்டும், தூங்கும்போது அடுப்பு வெளியே இருக்க வேண்டும்" என்று பிறகு பொறுமையாகச் சொன்னார். அன்று நாம் அப்படியே உறங்கிப் போயிருந்தால் இந்தப் பத்தியை எழுத நாம் இருந்திருக்க மாட்டோம்.

கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தம் பிராணவாயுவை ஏற்பதை அது தடுத்துவிடுகிறது. முதலில் தலைவலி, குமட்டல், மயக்கம். அறையிலேயே தங்கிவிட்டால் மரணம். சாளரமில்லாத குளியலறையில் எரிவாயுவால் வெந்நீர் போடும் கருவியை வைத்துக்கொள்வதிலும் இதே ஆபத்து உண்டு. அதனை வெளிப்புறத்தில் பொருத்த வேண்டும். அன்பரின் குமாரருக்கு எத்தனை மலைகள் பழக்கமாயிருந்தாலும் சரி, இந்த ஒன்றை அவர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். சிகரத்தில் காட்டும் கவனத்தை அடுப்பங்கரையிலும் காட்ட வேண்டும்.

வீடு பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்விகளைத் தொகுத்துச் சொல்வோம். ஜனவரி மாதத்தில் வெயில் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போகிறது? இதை வீட்டுக்காரரிடம் கேட்காமல் அண்டை அயலாரிடம் கேட்க வேண்டும். குடிநீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது? சேமிக்கத் தொட்டி உண்டா? 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் சிம்லாவில் ஏற்பட்ட தண்ணீர்ப் பஞ்சம் நாடு முழுவதும் பேசப்பட்ட செய்தி. வண்டி நிற்கும் சாலையிலிருந்து வீட்டுக்கு எத்தனை படிகள்? நூறு படிகளை இளைஞர் விளையாட்டாக ஏறிவிடுவர். ஆனால் எரிவாயு உருளையை யார் சுமப்பது? நள்ளிரவில் நோயாளியை எப்படி மேலே கொண்டுவருவது? மருமகள் இணையத்தை நம்பித் தொழில் செய்பவராதலால், பனியிலும் பெருமழையிலும் மின்சாரமும் இணையமும் எத்தனை நாள் நின்றுபோகின்றன என்பதையும் விசாரித்தாக வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி, நிலம் உறுதியானதா என்பது. 2023 ஆகஸ்டில் பெய்த பெருமழையில் சிம்லாவின் சம்மர்ஹில் பகுதியில் மலை சரிந்து சிவன் கோயில் ஒன்று அழிந்தது. காலை வழிபாட்டுக்கு வந்திருந்தவர் உட்பட இருபது பேர் மாண்டனர். அந்தச் சரிவில் இருப்புப் பாதையும் அடித்துச் செல்லப்பட்டது. அதே ஆண்டு ஜனவரியில் ஜோஷிமட நகரில் வீடுகள் விரிசல் கண்டு, குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. ஆகவே செங்குத்தான சரிவில் பல மாடிகளாக எழுந்து நிற்கும் கட்டடத்தையும், நீரோடும் பள்ளத்தை மறித்துக் கட்டிய வீட்டையும் விலக்க வேண்டும். சுவரில் புது விரிசல், சட்டத்தில் சிக்கும் கதவு, சாய்ந்துவரும் மரம், தாங்கு சுவரிலிருந்து கசியும் கலங்கல் நீர் ஆகிய நான்கும் நிலம் நகர்வதற்கான அடையாளங்கள். வாடகை குறைவு என்பதற்காக இவற்றைப் பாராமுகமாக விட்டுவிடலாகாது.

"வாடகை எதற்கு, ஓய்வூதியப் பணத்தில் ஒரு வீடே வாங்கிக் கொடுத்துவிடுகிறேன்" என்றும் அன்பர் எழுதியிருக்கிறார். தந்தையின் அன்பு அது. ஆயினும் இமாசலப் பிரதேசத்தில் 1972-ஆம் ஆண்டின் குத்தகை, நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 118-ஆம் பிரிவு ஒன்று உண்டு. அம்மாநிலத்தின் விவசாயி அல்லாதவர், அரசாங்க அனுமதியின்றி அங்கே நிலம் வாங்க இயலாது. அதைச் சுற்றிக்கொண்டு பிறர் பெயரில் வாங்கித் தருகிறோம் என்று வருவோரை அணுகவும் விடக்கூடாது. எப்படியும் ஒரு மழைக்காலமும் ஒரு குளிர்காலமும் வாடகை வீட்டில் கழித்த பிறகே வேறு எதையும் யோசிக்க வேண்டும் என்பது நமது உறுதியான கருத்து.

இனி அடுக்களைக்கு வருவோம். மாமியார் மருமகளுக்குச் சொல்லி அனுப்ப வேண்டிய செய்திகள் சில உண்டு. அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பு எளிதில் வேகாது; குக்கரே துணை. இட்லி மாவு டில்லிக் குளிரிலேயே பொங்கத் தயங்கும். சிம்லாவில் ஒரு முழு நாளாயினும் அசையாது. மாவை வெதுவெதுப்பான நீரில் அரைத்து, பாத்திரத்தைக் கம்பளியால் போர்த்தி, அறையின் சூடான மூலையில் வைத்து, ஒன்றரை நாள் பொறுத்திருந்தால் பலன் கிடைக்கும். தயிருக்கும் அதே உபசாரம். தேங்காயெண்ணெய் கல்லாக உறைந்துவிடும்; அகன்ற வாயுள்ள குப்பியில் வைத்துக்கொள்ள வேண்டும். கறிவேப்பிலையை உலர்த்தி எடுத்துச் செல்வது நலம். அங்கே பட்டாணியும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் ஏராளம். சாம்பார் என்பது முருங்கைக்காய்க்கு மட்டும் உரியதன்று என்பதை நாமும் அங்கேதான் ஒப்புக்கொண்டோம்.

மலையேற்றத்தைப் பற்றி. இதில் பெற்றோருக்குள்ள அச்சத்தில் பாதி நியாயம், பாதி அறியாமை. சிம்லாவின் உயரம் பெரும்பாலோர்க்கு நோய் தராது. ஏறத்தாழ 2,500 மீட்டருக்கு மேலேதான் உயர நோய் தலைகாட்டும். 3,000 மீட்டருக்கு மேல் செல்வோர், உறங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது மருத்துவர் கூறும் விதி. தலைவலியும் குமட்டலும் கண்டால் மேலே ஏறாமல் தங்க வேண்டும். நடை தள்ளாடினாலும், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும் உடனே கீழே இறங்க வேண்டும். இறங்குவதே மருந்து.

மலையேற்றமும் ஒரு வித்தையே. சங்கீதத்தைப் போல் அதையும் முறையாகக் கற்க வேண்டும். டார்ஜிலிங்கில் 1954-இல் நிறுவப்பட்ட மலையேற்றக் கழகத்தில், எவரெஸ்டை வென்ற டென்சிங்கே பயிற்சி இயக்குநராக இருந்தார். உத்தரகாசியில் 1965 முதல் நேருவின் பெயரால் ஒரு கழகம் நடைபெறுகிறது. மணாலியிலும் ஒன்று உண்டு. அடிப்படைப் பயிற்சி ஏறத்தாழ நான்கு வாரங்கள். அன்பர் தம் குமாரரிடம், "போகாதே" என்பதற்குப் பதிலாக, "பயின்று போ" என்று சொல்லட்டும். எங்கே போகிறார், எப்போது திரும்புவார் என்பதை எழுதி வைத்துவிட்டுப் போவது, மழைக்காலத்தில் சரிவுகளைத் தவிர்ப்பது, விடியலில் புறப்பட்டுப் பிற்பகல் மேகம் கூடுமுன் இறங்கிவிடுவது ஆகிய மூன்றையும் வீட்டுச் சட்டமாகவே வைத்துக்கொள்ளலாம். குழந்தைக்கு ஜாக்கு மலையே போதும். நார்கண்டாவுக்கு மேலுள்ள ஹாட்டு சிகரம் சற்று வளர்ந்த பின் ஆகட்டும்.

இளைஞருக்கும் ஒரு வார்த்தை. ஞாயிறு தோறும் இருவரும் சிகரத்தை நோக்கிப் புறப்பட்டுவிட்டால் ஊரில் உறவு வளராது. ஆபத்தில் சாளரத்தைத் திறக்க வருகிறவர் பக்கத்து வீட்டுக்காரரே, சிகரம் வராது. மாதத்தில் இரண்டு ஞாயிறுகளாவது ஊருக்கும் அண்டை வீட்டாருக்கும் உரியவையாகட்டும். குழந்தைக்குப் பள்ளியில் தமிழ் கிடைக்காது. நாள்தோறும் மாலையில் அரைமணி நேரம் தாய்மொழி எழுத்தைப் பெற்றோரே கற்பிக்க வேண்டும். இரவு நேரத்தில் தாத்தா கைப்பேசியில் கதை சொல்லட்டும். அது அவளுக்குப் பாடம், அவருக்கு மருந்து.

ஆம், மருந்து என்றே சொல்கிறோம். அன்பரின் கடிதத்தில் பனியைப் பற்றியும் மலையைப் பற்றியும் கேள்விகள் இருக்கின்றன. அவர் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றும் வரிகளுக்கிடையே தெரிகிறது: "எங்களை விட்டுவிட்டுப் போகத் துணிந்தானே?" என்பது அது. ஐயா, சற்றே பின்னோக்கிப் பாருங்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பெட்டியும் ஒரு படுக்கையுமாகத் தாங்கள் டில்லிக்கு ரயிலேறியபோது, ஊரில் தங்கள் தந்தையாரும் இதே கேள்வியை மனத்துக்குள் கேட்டிருப்பார். நம் எல்லோருடைய தந்தையரும் கேட்டிருப்பர். தஞ்சையிலிருந்து டில்லி இருந்த தொலைவைவிட டில்லியிலிருந்து சிம்லா மிக அருகில்தானே!

ஆயினும் தங்கள் துணைவியாரின் மூச்சிரைப்பை எண்ணும்போது, எல்லோருமாக அங்கே போய் நிலைத்துவிடுவது தகாது. குளிர்ந்த, வறண்ட காற்று இரைப்பை மிகுவிக்கும், படிகளும் ஒத்துக்கொள்ளா. வழி ஒன்று உண்டு. அன்றைய அரசாங்கம் செய்ததையே தங்கள் குடும்பமும் செய்யட்டும். டில்லியில் அனல் வீசும் மே, ஜூன் மாதங்களில், மருத்துவரின் யோசனையைக் கேட்டுக்கொண்டு, தாங்கள் இருவரும் மேலே போங்கள். சிம்லாப் பள்ளிகளின் நீண்ட விடுமுறை குளிர்காலத்தில் வருகிறது. ஜனவரியில் பேத்தியுடன் அவர்கள் கீழே வரட்டும். பொங்கலும் டில்லியிலேயே ஆயிற்று. குடும்பம் பிரியவில்லை, பருவத்துக்கேற்ப ஏறி இறங்குகிறது, அவ்வளவே.

இவற்றையெல்லாம் அன்பருக்கு முன்னரே தனிக் கடிதமாகவும் எழுதியிருந்தோம். இதழ் அச்சுக்குப் போகும் சமயத்தில் பதில் வந்துவிட்டது. தெற்குச் சரிவில், சாலையிலிருந்து பதினெட்டே படிகள் இறங்கும் தொலைவில், ஒரு வீடு அமைந்திருக்கிறதாம். பனிச் சிகரம் தெரியாதாம்; மருமகளுக்கு அதில் சிறிது வருத்தமாம். அம்மையார் கறிவேப்பிலையை மாடியில் உலர்த்தத் தொடங்கிவிட்டார். அன்பருக்கு இப்போது ஒரே ஓர் ஐயம்தான்: ஊரிலிருந்து கொண்டுவந்த ஆட்டுக்கல்லைக் கால்கா ரயிலில் ஏற்ற விடுவார்களா என்பது!

டார்ஜிலிங், ஷில்லாங், டேராடூன் முதலிய இடங்களில் வாழ்ந்த அனுபவமுள்ள அன்பர்கள் தங்கள் யோசனைகளை எழுதியனுப்பினால், அடுத்தடுத்த இதழ்களில் மகிழ்ச்சியுடன் வெளியிடுவோம்.